கீல் எங்கே அமைய வேண்டும்: இறுகிக் கூனிய முதுகை நிமிர்த்திய அறுவை மருத்துவத்தின் வரலாறு

ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் எனப்படும் முதுகெலும்பு இறுக்க அழற்சி, பெரும்பாலும் இருபது வயதையொட்டித் தொடங்கி, இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டுகளிலிருந்து மேல்நோக்கி ஏறி, பல ஆண்டுகளில் முதுகு முழுவதையும் ஒரே எலும்பாக்கிவிடக்கூடிய நோயாகும். முடக்குவாத மூட்டு அழற்சியில் எலும்பு அரிக்கப்படுவதே பெரும்பாலும் நிகழ, இந்நோயில் அரிப்போடு புது எலும்பும் வளர்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் விளிம்பும், முள்ளெலும்புகளை முன்னும் பின்னும் பிணைக்கும் தசைநார்களும், பின்புறத்துச் சிறு மூட்டுகளும், விலா எலும்புகள் முதுகோடு சேரும் மூட்டுகளும் ஒவ்வொன்றாக எலும்பாகி இறுகுகின்றன. எக்ஸ்ரே படத்தில் அத்தகைய முதுகு கணுக்கணுவாகத் தெரிவதால் மருத்துவர்கள் அதற்கு மூங்கில் முதுகெலும்பு என்றே பெயரிட்டுள்ளனர். முதுகு நேராக இருக்கும்போதே இறுகினால் நோயாளி வளைய முடியாதவராக இருப்பாரே தவிர, நடமாட்டம் பெரிதும் கெடாது. ஆனால் வலிக்கு அஞ்சி முன்னோக்கிக் குனிந்தே இருக்கப் பழகிய உடல் அந்தக் குனிந்த நிலையிலேயே இறுகிப்போகும்போது, இரண்டாவது ஊனம் ஒன்று பிறக்கிறது. அழற்சி தணிந்து வலி நின்ற பின்னும் அந்தக் கூன் மாறாது. மருந்தாலும் பயிற்சியாலும் அதை நிமிர்த்த முடியாது.

இந்தக் கூனின் கொடுமை அளவில் மட்டும் இல்லை. பார்வை தரையை நோக்கியே நிலைத்துவிடுவதால் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கவும், சாலையைக் கடக்கும்போது வரும் வண்டியைக் காணவும் நோயாளி முழங்கால்களை மடக்கி இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து உடல் முழுவதையும் திருப்ப வேண்டியிருக்கிறது. இடுப்பு மூட்டுகளும் இறுகியிருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. விலா எலும்புகள் அசையாததால் உதரவிதானம் ஒன்றைக் கொண்டே மூச்சு விடுபவர்களுக்கு, விலாக்கூட்டின் கீழ் விளிம்பு வயிற்றை அழுத்தும்போது அந்த மூச்சும் உணவும் சேர்ந்து சுருங்குகின்றன. கழுத்தும் கூனிய நிலையில் தாடை மார்பெலும்பைத் தொட்டுவிடும் கடைசிக் கட்டத்தில் வாயைத் திறப்பதும், தாடைக்குக் கீழே சவரம் செய்வதும், அங்குள்ள தோலைக் கழுவி உலர வைப்பதும்கூட இயலாமல் போகின்றன. இந்த நிலையிலிருந்தவர்களுக்காகத்தான் எலும்பாகிவிட்ட முதுகை வெட்டி நிமிர்த்தும் அறுவை முறை 1940களில் உருவானது. முதுகின் பின்புறத்தை எப்படி வெட்டுவது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது என்பதும், வெட்டிய முதுகு நிமிரும்போது அதன் முன்புறத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டு அடக்கி ஆளவே அடுத்த நாற்பது ஆண்டுகள் செலவாயின என்பதும் இவ்வரலாற்றின் மையச் செய்திகள்.

கூனை வலிந்து நிமிர்த்தும் ஆசை மிகப் பழையது. மூட்டுகளைப் பற்றிய கிரேக்க மருத்துவ நூலில், நோயாளியை ஏணியோடு கட்டி உயரத்திலிருந்து கீழே விடும் வழக்கத்தைக் குறிப்பிடும் ஹிப்போகிராட்டீஸ் மரபினர், அது கூட்டத்தை வியக்க வைப்பதற்கே பெரிதும் பயன்படுவதாகக் கடிந்துள்ளனர். அந்தக் காலத்துக் கூன்களில் எது காசநோயால் வந்தது, எது அடிபட்டதால் வந்தது, எது இந்த அழற்சியால் வந்தது என்று பிரித்தறிய வழி இல்லை. எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் உடலில் இந்நோய் இருந்ததாக நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததும் 2004-இல் எக்ஸ்ரே படங்களின் மறு ஆய்வில் மறுக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் விவரிப்புகளில் ஒன்று, பிரான்சில் படித்த அயர்லாந்து மருத்துவர் பெர்னார்டு கானர் 1690களில் எழுதியதாகும். பிரான்சில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்றில் இடுப்பெலும்பும், முதுகின் அடிப்பகுதியும், பல முள்ளெலும்புகளும், விலா எலும்புகளும் பிரிக்க முடியாத ஒரே எலும்பாக ஒன்றியிருந்ததை அவர் பதிவு செய்தார். அத்தகைய மனிதர் உயிரோடிருந்தபோது எப்படிக் குனிந்திருக்க முடியாது, எப்படித் திரும்பியிருக்க முடியாது, எப்படி மூச்சு விட்டிருப்பார் என்று அந்த எலும்பிலிருந்தே கானர் ஊகித்தது, நோயைப் பெயரிடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் இயக்கவியலை அவர் கண்டுகொண்டார் என்பதைக் காட்டுகிறது.

நோயைத் தனி நோயாக வரையறுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவில் விளாதிமிர் பெக்தெரெவ், ஜெர்மனியில் அடால்ஃப் ஷ்ட்ரூம்பெல், பிரான்சில் பியேர் மரி ஆகிய மூவர். இவர்களுள் பெக்தெரெவின் கட்டுரை 1893-இலும் மரியினுடையது 1898-இலும் வெளிவந்தன. இடையில் 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்ததால் இறுகிய முதுகை உயிருள்ளவர்களிடமே பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்ததே தவிர, செய்வதற்கு ஒன்றும் இல்லை. மாவுக்கட்டுப் படுக்கைகள், உடற்சட்டங்கள், வெந்நீர் ஊற்றுகள் ஆகியவற்றுக்குப் பின் கதிர்வீச்சு வந்தது. முதுகுக்குக் கதிர் பாய்ச்சினால் வலி குறைந்தது உண்மை என்பதால் 1930களிலிருந்து பிரிட்டனில் பல்லாயிரம் பேருக்கு அது அளிக்கப்பட்டது. கோர்ட் பிரௌனும் ரிச்சர்டு டாலும் 1957-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களுள் 13,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்தபோது, இரத்தப் புற்றுநோய் அவர்களிடையே எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடியிருந்தது தெரிந்தது. கதிர்வீச்சின் தீமையைப் பற்றி உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் அறிவு, இந்த நோயாளிகளின் உடல்களிலிருந்து கிடைத்ததாகும்.

முதுகை வலிந்து நிமிர்த்துவதன் ஆபத்தும் அதற்குள் வேறொரு நோயில் கற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. பிரான்சின் பெர்க் கடற்கரை ஊரில் பணியாற்றிய ழான்-பிரான்சுவா கலோ, காசநோயால் கூனிய சிறுவர்களை மயக்கத்தில் கிடத்திக் கையால் அழுத்தி நிமிர்த்தும் முறையை 1896-இல் அறிவித்தார். ஐரோப்பா முழுவதும் பரவிய அந்த முறை, இறப்புகளும் கால் முடங்குதலும் தெரியவந்ததும் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கூனிய முதுகைத் தொடக்கூடாது என்ற அச்சம் அதன்பின் அறுவை மருத்துவர்களிடையே அரை நூற்றாண்டு நிலைத்திருந்தது.

அந்த அச்சத்தை உடைத்தவர் நார்வேயின் கிரிம்ஸ்டாடில் 1886-இல் பிறந்து, இளம் வயதில் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எலும்பு மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன். தொடை எலும்பின் கழுத்து முறிவுக்கு மூன்று விளிம்பு கொண்ட ஆணியையும், இறுகிய இடுப்பு மூட்டுக்கு வைட்டாலியம் என்னும் உலோகக் கலவையாலான கிண்ணத்தையும் உருவாக்கியவர் அவரே. அசையாத மூட்டை அசையவைக்கும் முயற்சியில் ஆயுளைச் செலவிட்ட ஒருவர் அசையாத முதுகை நோக்கித் திரும்பியதில் வியப்பில்லை. லார்சன், ஆஃப்ரான்க் ஆகியோருடன் அவர் 1945-இல் வெளியிட்ட கட்டுரை ஆறு நோயாளிகளின் அனுபவத்தைக் கூறியது. அந்நாளைய அமெரிக்காவில் இந்நோய் முடக்குவாத மூட்டு அழற்சியின் முதுகு வடிவமாகவே கருதப்பட்டதால் கட்டுரையின் தலைப்பும் அந்தப் பெயரையே தாங்கியிருந்தது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை அமெரிக்க வாதநோய் மருத்துவச் சங்கம் முறைப்படி ஏற்றது 1963-இல்தான்.

ஸ்மித்-பீட்டர்சன் செய்ததை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு முள்ளெலும்பும் முன்புறத்தில் பருத்த உருளையான உடற்பகுதியையும், அதன் பின்புறத்தில் இருபக்கமும் காம்புகளாக எழுந்து தகடுகளாக வளைந்து சேர்ந்து தண்டுவடத்தைச் சூழும் வளையத்தையும் உடையது; அந்த வளையத்தில்தான் மேலுள்ள எலும்போடும் கீழுள்ள எலும்போடும் பொருந்தும் சிறு மூட்டுகள் இருக்கின்றன. நோய் அந்தச் சிறு மூட்டுகளை ஒட்டிவிட்டிருப்பதால், இடுப்பு முதுகின் மேற்பகுதியில் அவை இருந்த இடத்தின் குறுக்கே, உளி கொண்டு பக்கங்களை நோக்கிச் சாய்வாக, ஆங்கில வி எழுத்தைப்போல் எலும்பை வெட்டி எடுத்தார். பின்பு குப்புறப் படுத்திருக்கும் நோயாளியின் தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் மெல்ல உயர்த்த, வெட்டின் இருகரைகளும் ஒன்றையொன்று நெருங்கிச் சேர்ந்தன. பின்புறத்தில் இடைவெளி மூடிய அதே கணத்தில், எலும்பாகியிருந்த முன்புறத் தசைநாரும் வட்டும் முறிந்து முன்புறம் திறந்தது. நிமிர்ந்த நிலையை மாவுக்கட்டு பல மாதங்கள் காத்தது. அறுவை செய்பவர் பின்புறத்தில் உளியைக் கையாண்டார். முன்புறத்தை முறித்தது அழுத்தமே ஆகும், கண்ணுக்கு எதிரே நிகழாத அந்த முறிவைச் செவியால்தான் அறிய முடிந்தது.

முதுகின் நிமிர்தல் ஒரு கதவின் இயக்கத்தை ஒத்தது என்று கொண்டால், இம்முறையில் கீல் முள்ளெலும்பு உடற்பகுதியின் பின்விளிம்பில், தண்டுவடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கீலுக்குப் பின்னால் இருப்பது சுருங்குகிறது, முன்னால் இருப்பது நீள்கிறது. நீள்வது எலும்பு மட்டுமன்று. முதுகெலும்பின் முன்பக்கத்தை ஒட்டியே பெருந்தமனி இறங்குகிறது. நோயாளி நடுவயதைக் கடந்தவரானால் அதன் சுவர் தடித்து நெகிழ்வை இழந்திருக்கும், பல ஆண்டு அழற்சியால் அது எலும்பாகிய தசைநாரோடு ஒட்டியும் இருக்கலாம். வயிற்றறையில் இரைப்பையைத் தொடரும் குடல் தமனிகளுக்கு இடையே நெருக்கப்பட்டு, சில நாள்களில் இரைப்பை வீங்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும் நிலையும் சிலருக்கு ஏற்பட்டது. லிக்ட்பிளாவும் பிலிப் வில்சனும் 1956-இல், இத்தகைய நிமிர்த்தலில் பெருந்தமனி கிழிவதன் பொறிமுறையை ஆராய்ந்து எழுதினர். 1971-இல் ஜெர்மனியிலிருந்தும் அதே போன்ற பதிவு வந்தது. இவை பின்புற வெட்டில் நேர்ந்த பிழைகள் அல்ல. வெட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கீலின் இடமே முன்புறத்தை இழுத்தது.

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்கள் ஆளுக்கொரு வழியைத் தேடினர். நெதர்லாந்தின் லா ஷப்பெல் 1946-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகையில், அறுவையை இரண்டாகப் பிரித்ததைக் கூறினார்: முதலில் பின்புறத்தை வெட்டி, சில நாள்கள் கழித்து முன்புறமாகச் சென்று வட்டைக் கண்ணெதிரே வெட்டித் திறப்பது. முறிவை அழுத்தத்திடம் விட்டுவிடாமல் கத்தியிடம் ஒப்படைக்கும் இந்த எண்ணம் முன்னோக்கிப் பார்த்த ஒன்று என்றே சொல்ல வேண்டும். ஆனால் நுரையீரலும் இரைப்பையும் நலிந்த ஒருவரை இருமுறை அறுவைக்கு உட்படுத்துவது அக்காலத்தில் எளிதாக இல்லை. பிரான்சின் எய்-லே-பேன் ஊரைச் சேர்ந்த எர்பேர் 1948-இல் தம் முறையை வெளியிட்டு, 1959-இல் ஐம்பது நோயாளிகளின் தொகுப்பைத் தந்தார். லண்டனின் ஆடம்ஸ் 1952-இல், அறுவையின் ஆபத்துகளையும் காப்புகளையும் தலைப்பிலேயே வைத்து எழுதிய கட்டுரையில், நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்கப் பரிந்துரைத்தார். கூனிய உடல் தட்டையான மேசையில் குப்புறப் படியாது என்பதும், வயிறு அழுந்தினால் மூச்சு நின்றுவிடும் என்பதும் அறுவை அரங்கில் நின்றவர்களுக்கே உறைக்கும் உண்மைகள். ஆடம்ஸின் கட்டுரையில் அந்த அனுபவம் தெரிகிறது. பிரிட்டனில் இந்த அறுவையைப் பெருமளவில் செய்த லா என்பவர் 1962-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தத் தலைமுறையின் சில தொகுப்புகளில் பத்தில் ஒருவர் வரை இறந்தனர் என்பதை நினைக்கும்போது, அறுவைக்கு ஒப்புக்கொண்ட நோயாளிகள் எத்தகைய வாழ்க்கையிலிருந்து தப்ப விரும்பினர் என்பது புலனாகும். இந்தியாவிலிருந்து எம்.கே. கோயல் 1968-இல் இதே துறையில் எழுதிய கட்டுரை அமெரிக்காவின் முதன்மை எலும்பு மருத்துவ இதழில் வெளிவந்து, இன்றளவும் இவ்வரலாற்றில் மேற்கோள் காட்டப்படுகிறது.

கூன் பெரும்பாலும் மார்புப் பகுதியில் தெரிய, வெட்டு ஏன் இடுப்பு முதுகில் நிகழ்கிறது என்ற கேள்வி வாசகருக்கு எழக்கூடும். மார்பு முதுகை விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருப்பதால் அங்கே வெட்டினாலும் நிமிர்தல் சிறிதே கிடைக்கும். மேலும், அங்கே வளையத்துக்குள் தண்டுவடம் இடமின்றி அடைபட்டிருக்கிறது. தண்டுவடம் இடுப்பு முதுகின் முதல் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஓடும் நரம்பு வேர்கள் சற்றே மடங்கவும் நகரவும் இடம் கொடுப்பவை. ஆகவே கூனின் உச்சியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே எதிர்த்திசையில் ஒரு வளைவை உண்டாக்கி, உடலின் மொத்த நிறையை இடுப்பின் மேல் மீண்டும் கொண்டுவருவதே ஏற்கப்பட்ட வழியாயிற்று. கூன் மறைவதில்லை; அதைச் சுமக்கும் உடல் சமநிலைக்கு வருகிறது.

கழுத்துக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. தாடை மார்பில் பதிந்த நோயாளிக்கு இடுப்பை எவ்வளவு நிமிர்த்தினாலும் பார்வை உயராது, கழுத்திலேயே வெட்ட வேண்டும். அங்கே தண்டுவடம் நசுங்கினால் கைகால்கள் நான்கும் மூச்சும் போகும். 1953-இல் மேசன், கோசன், ஏடெல்ஸ்டீன் ஆகியோர் கலிஃபோர்னியாவில் கழுத்தை நிமிர்த்தியதைப் பதிவு செய்தனர். 1958-இல் அதே கலிஃபோர்னியாவில், பின்னாளில் எலும்பை வளரச் செய்யும் புரதத்தைக் கண்டறிந்து புகழ்பெறவிருந்த மார்ஷல் யூரிஸ்ட், நோயாளியை உட்காரவைத்து, அறுவை செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும் நிலையிலேயே கழுத்தின் அடியை வெட்டி நிமிர்த்தினார். டொரண்டோவின் எட்வர்டு சிம்மன்ஸ் இந்த முறையை ஒழுங்குபடுத்தி 1972-இல் விரிவாக எழுதினார். அவரது வழியில் செய்யப்பட்ட 131 கழுத்து அறுவைகளின் முப்பத்தாறு ஆண்டு அனுபவம் 2006-இல் வெளிவந்தது.

சிம்மன்ஸின் அறுவை அரங்கில் மேசைக்குப் பதிலாகப் பல் மருத்துவரின் நாற்காலி இருந்தது. நோயாளியின் மண்டையோட்டில் ஹாலோ எனப்படும் உலோக வளையம் திருகுகளால் பொருத்தப்பட்டது; கழுத்துத் தசைகள் செயலிழந்த போலியோ நோயாளிகளுக்காகக் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெரியும் வெர்னன் நிக்கலும் 1959-இல் அறிமுகப்படுத்திய அந்த வளையம் இல்லாமல் இந்த அறுவை வளர்ந்திருக்காது. வெட்டுக்குத் தேர்ந்த இடம் கழுத்தின் ஏழாம் எலும்பும் மார்பின் முதல் எலும்பும் சேரும் மட்டம். மூளைக்குச் செல்லும் முதுகெலும்புத் தமனிகள் பெரும்பாலும் ஆறாம் எலும்பின் துளைக்குள்தான் நுழைகின்றன என்பதால் ஏழாம் எலும்பின் மட்டத்தில் அவை வெட்டின் பாதையில் இல்லை. தண்டுவடத்தின் வழியும் அங்கே அகலமானது. அங்கிருந்து புறப்படும் எட்டாம் நரம்பு வேர் சிறிது பாதிக்கப்பட்டாலும் கை முழுவதும் செயலிழக்காது. ஏழாம் எலும்பின் தகட்டை முழுவதும், அதன் மேலும் கீழும் உள்ளவற்றின் விளிம்புகளையும் எடுத்து, நரம்பு வேர்களைச் சூழ்ந்த எலும்பை அகற்றிய பின், அறுவை மருத்துவர் வளையத்தைப் பிடித்துத் தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்ப்பார். இறுகிய முன்புறம் முறியும் ஒலியோடு முகம் உயரும். நோயாளி விரலை அசைக்கிறாரா, காலை நீட்டுகிறாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பவையே அந்த நேரத்தின் காப்புக் கருவிகள். உயரமாக உட்கார்ந்திருப்பவரின் திறந்த நாளங்களுக்குள் காற்று புகும் ஆபத்தும் இருந்தது. இடுப்பு முதுகின் அறுவையையும் சிம்மன்ஸ் விழித்திருக்கும் நோயாளியிடமே செய்யத் துணிந்தார். பொது மயக்கத்தில் செய்யப்பட்ட முந்தைய தொகுப்புகளைவிட இறப்பும் நரம்புச் சேதமும் குறைந்திருந்தன என்பதே அவருடைய வாதம். தம் முதுகெலும்பு முறிக்கப்படுவதை விழித்த நிலையில் தாங்கிய அந்த நோயாளிகளின் மன உறுதியை மருத்துவ நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; இவ்வரலாற்றில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய இடம் உண்டு.

விழித்திருக்கவைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. வாய் திறக்காத, கழுத்து சாயாத ஒருவரின் மூச்சுக்குழாய்க்குள் மயக்க மருந்துக் குழாயைச் செலுத்துவது அந்நாளில் ஏறத்தாழ இயலாத செயல். 1967-இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்ற மயக்க மருத்துவர், வளையும் கண்ணாடி இழைகளாலான பார்வைக்கருவி ஒன்றை மூச்சுக்குழாய்க்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தியது இந்தத் தடையை உடைக்கும் தொடக்கமாயிற்று; அவருடைய நோயாளியும் இதற்கு உறவான மூட்டு அழற்சியால் இறுகியவரே. 1973-இல் பிரான்சின் லியோன் நகரில் வோசெல், ஸ்டாக்னாரா ஆகியோர், பொது மயக்கத்தில் இருப்பவரை அறுவையின் நடுவில் சற்றே விழிக்கச்செய்து காலை அசைக்கச் சொல்லும் சோதனையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஓடும் மின்குறிகளை அறுவை முழுவதும் பதிவு செய்யும் கருவிகள் அதற்குப் பின் வந்தபோது, நோயாளி விழித்திருந்து காத்த காவலைக் கம்பிகள் ஏற்றுக்கொண்டன.

நிமிர்ந்ததை நிமிர்ந்தபடியே நிறுத்துவது தனிச் சிக்கலாக இருந்தது. மாவுக்கட்டுக்குள் மாதக்கணக்கில் கிடந்தவர்களின் நிமிர்வு மெல்லக் கரைந்ததுண்டு. பல ஆண்டுகள் அசையாதிருந்ததாலும் அழற்சியாலும் மெலிந்துவிட்ட எலும்பு கொக்கியையும் கம்பியையும் தாங்காமல் நொறுங்கியதுண்டு. பாரிஸின் ராய்-கமீல் 1960களில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை, முள்ளெலும்பின் மிக வலுவான பகுதியான காம்பின் ஊடாகத் திருகைச் செலுத்துவது. ஜெர்மனியின் பாட் வில்டுங்கன் ஊரில் கிளாவுஸ் ட்சீல்கே இத்திருகுகளை இந்த நோய்க்குப் பயன்படுத்தி, ஒரே இடத்தில் பெருமுறிவை உண்டாக்குவதற்குப் பதிலாகப் பல மட்டங்களில் சிறு சிறு வெட்டுகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 பாகை நிமிர்வைப் பெறும் வழியைக் காட்டினார். பூஷலுடன் இணைந்து 1982-இல் வெளியிட்ட இந்த முறையின் 177 நோயாளித் தொகுப்பு 1990-இல் வந்தது. வளைவு பல மட்டங்களில் பகிரப்பட்டதால் பெருந்தமனியின் மேல் ஒரே இடத்தில் விழும் இழுப்பு குறைந்தது, முதுகின் உருவமும் இயல்பை ஒட்டி அமைந்தது. ஆயினும் முன்புற வட்டுகள் முழுவதும் எலும்பாகிவிட்டவர்களிடம் அவை சமமாக நெகிழாமல் ஒரு மட்டத்தில் மட்டும் திறந்துவிடும்போது, பழைய ஆபத்து வேறு உருவில் திரும்பியது.

கீலையே முன்புறத்துக்கு மாற்றும் எண்ணம் 1963-இல் ஸ்குடேசியும் கலாப்ரோவும் எழுதிய கட்டுரையிலேயே இருந்தது. அதை உறுதியான முறையாக நிலைநாட்டியவர் டென்மார்க்கின் தாமசன். 1985-இல் அவர் வெளியிட்ட முறையில், இடுப்பு முதுகின் இரண்டாம் எலும்பின் பின்புறத் தகடும் இருபக்கக் காம்புகளும் அகற்றப்பட்டு, அதே எலும்பின் உடற்பகுதியிலிருந்து பின்னால் அகன்று முன்னால் கூராக முடியும் ஆப்பு வடிவத் துண்டு தோண்டி எடுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற மெல்லெலும்பைச் சுரண்டியெடுக்க எடுக்க வெளிச்சுவர் மட்டும் மிஞ்சி, நிமிர்த்தும்போது அது தன்மேலேயே மடிந்து மூடுகிறது. இப்போது கீல் உடற்பகுதியின் முன்சுவரில் இருக்கிறது. முன்புறம் நீள்வதே இல்லை. பின்புறம் மட்டும் குறுகுகிறது. பெருந்தமனியும் இரைப்பையும் இழுபடுவதில்லை. திறந்த இடைவெளிக்குப் பதிலாக வெட்டிய இரு பரப்புகள் முழு அகலத்துக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதால் எலும்பு விரைவில் சேர்கிறது. ஒரே மட்டத்தில் 30 முதல் 40 பாகை வரை நிமிர்வு கிடைக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, மெல்லெலும்பிலிருந்து பெருகும் இரத்தமும், நரம்பு வேர்களைச் சுற்றி நீண்ட நேரம் உழைக்கும் கடினமும், பின்புறம் குறுகும்போது நரம்புறை மடிந்து நெருங்காமல் காக்க வேண்டிய கவனமும்.

நெதர்லாந்தின் வான் ரோயனும் டெ காஸ்டும் 1999-இல், ஒரே மட்டத்தில் முன்புறத்தைத் திறப்பது, பல மட்டங்களில் வெட்டுவது, ஆப்பு எடுத்து மூடுவது என்ற இடுப்பு முதுகின் மூன்று முறைகளையும் பற்றி அதுவரை வெளியான கட்டுரைகளைத் திரட்டி 850-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டனர். சராசரி நிமிர்வு மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றேயாக இருந்தது. அறுவையையொட்டிய இறப்பு மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு. கட்டுரைகள் அளக்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறுபட்டதால் எது சிறந்தது என்று திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை எனினும், முன்புறம் திறக்கும் முறையில் மட்டுமே உயிர்க்கு உலை வைக்கும் இரத்தநாளக் கேடுகள் பதிவாகியிருந்ததால், மூடும் ஆப்பு முறையை நோக்கியே துறை நகர்ந்தது. இவ்வளவு அரிய அறுவையில் உலகெங்கும் அரை நூற்றாண்டில் சேர்ந்த அனுபவம் ஒரு பெரிய மருத்துவமனையின் சில ஆண்டுப் பதிவேட்டுக்கே ஈடாகும் என்பதையும் மறக்கலாகாது. பல முன்னேற்றங்கள் முதலில் சில நோயாளிகளின் கதையாகத்தான் வெளிவந்தன.

இதற்கிடையே நோயின் வேர் வேறு திசையிலிருந்து தெளிவடைந்தது. 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் தனித்தனியே இயங்கிய இரு குழுக்கள், நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபணுக் குறி இருப்பதைக் கண்டறிந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டி அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை மறிக்கும் ஊசி மருந்துகள் வந்தன. தொடக்கத்திலேயே நோயறியப்பட்டு, தட்டையான படுக்கையில் தலையணை தவிர்த்துப் படுத்து, நாள்தோறும் பயிற்சி செய்து, இம்மருந்துகளையும் பெறுபவர்களிடம் கடுமையான கூன் அரிதாகிவருகிறது. மருந்தின் விலை தாங்காத நாடுகளிலும், முதுகுவலி என்று ஆண்டுகள் கடத்தப்பட்டுத் தாமதமாக நோயறியப்படுபவர்களிடத்தும் அந்தக் கூன் இன்னும் இருக்கிறது. நிமிர்த்தும் அறுவைக்கு வருபவர்களுள் பலரின் இடுப்பு மூட்டுகளும் இறுகியிருப்பதால், முதலில் மூட்டை மாற்றுவதா, முதுகை நிமிர்த்துவதா என்ற வரிசையையும் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கண்பார்வை எந்த மட்டத்தில் நிற்கும் என்பது இரண்டையும் சேர்த்தே அமையும்.

எவ்வளவு நிமிர்த்துவது என்ற கேள்விக்கு நெடுங்காலம் பதில் அறுவை மருத்துவரின் கண்ணளவாகவே இருந்தது. புருவத்திலிருந்து தாடைக்கு வரையும் கோடு செங்குத்துக் கோட்டோடு உண்டாக்கும் கோணத்தை, நோயாளி முழங்காலை நீட்டி நிற்கையில் அளந்து, அதைக்கொண்டு வெட்டின் அளவைக் கணக்கிடும் வழி சிம்மன்ஸின் காலத்தில் வழக்குக்கு வந்தது. கொரிய மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அக்கோணம் செங்குத்தின் இருபக்கமும் 10 பாகைக்குள் அமைந்தவர்களே நேர்ப்பார்வையில் மிகுந்த நிறைவடைந்தனர் என்று காட்டியது. முகம் வானை நோக்கிச் சாயும் அளவுக்கு நிமிர்த்தப்பட்டவருக்கு, இறுகிய கழுத்தைத் தாழ்த்த வழி இல்லாததால், தட்டிலுள்ள சோறும், மேசைமேல் உள்ள தாளும், இறங்க வேண்டிய படிக்கட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. ஆகவே இன்று இந்த அறுவையைத் திட்டமிடும் குழுக்கள் எக்ஸ்ரே படத்தின் மேல் கோடுகளை வரைவதற்கு முன், அவர் உட்கார்ந்து வேலை செய்பவரா, நின்று வேலை செய்பவரா, வீட்டில் மாடிப்படி உண்டா, நடக்கும்போது எதைப் பார்த்து நடக்கிறார் என்பவற்றைக் கேட்டறிந்து, நேர்ப்பார்வைக்குச் சற்றே கீழாக நிற்கும் கோணத்தைத் தேர்கின்றன.